சம்பந்தி எடுத்து வைத்த தண்ணீர்

தம்பி, அம்மா எழுதுகிறேன். முதலில் நம் பிள்ளைகள் சேதியைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உன் தங்கை மகன் ஹரிஷ் பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறான். திருவெறும்பூரில் அவர்கள் குடியிருக்கிற வரிசையில் அவன் ஒருவன்தான் அப்படி. இதை நான் சொல்லவில்லை, அவர்கள் எதிர்வீட்டு அம்மாள் சொன்னது. அவன் தங்கை வர்ஷினி கோ-கோ விளையாட்டில் மாவட்ட அணிக்குப் போய் ஜெயித்து வந்திருக்கிறாள். முழங்காலில் சிராய்ப்போடு வந்து நின்று கோப்பையைக் காட்டினாள், கோப்பை அவள் தலையைவிடப் பெரியது. உன் மகள் யாழினி இங்கிலீஷில் கதை சொல்லி முதல் பரிசு வாங்கியதை சுகன்யா போனில் அனுப்பியிருந்தாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, மூன்று தடவை கேட்டேன். கடைசியாக நம் சின்னவன் மித்ரன். மூன்று வயதில் யாரும் சொல்லாமல் தானாகப் பாத்ரூமுக்குப் போய், தண்ணீர் ஊற்றிவிட்டு, கதவையும் சாத்திவிட்டு வருகிறான் என்று நீ சொன்னாயே, தெருவில் நான் அதிகம் பேரிடம் சொன்னது அதைத்தான். நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளைகள் நாட்டில் நிறைய இருக்கிறார்கள். கதவைச் சாத்திவிட்டு வருகிறவர்கள் குறைவு.

சிரிக்காதே. சொல்ல வந்ததும் அதைப் பற்றித்தான். போன மாதம் நீ ஓசூரில் வாங்கியிருக்கிற புது வீட்டைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொன்னாய். "மூணு பாத்ரூம்மா. உனக்கும் அப்பாவுக்கும் தனி, சுகன்யா அப்பா அம்மாவுக்குத் தனி. இனிமே ஒரு பிரச்சினையும் வராது." நான் சரிப்பா என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு அந்த 'இனிமே' என் காதிலேயே நின்றது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆடிப்பெருக்குக்கு வந்த உன் மாமனார் மாமியார் ஏன் பாதியில் கிளம்பினார்கள் என்று உனக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெங்காயத்துக்குக் களையெடுக்க ஆள் வந்திருக்கிறது என்று அவர்கள் சொன்னதை நீயும் நம்பினாய் என்றுதான் இத்தனை நாள் நிம்மதியாக இருந்தேன். சுகன்யா உன்னிடம் சொல்லியிருக்கிறாள். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முகம் சுருங்கக்கூடாது என்று இருந்திருப்பாய். அந்தப் பெண்ணும் இரண்டு வருஷமாக என்னை "அத்தை, அத்தை" என்று கூப்பிடுவதில் ஒரு குறை வைக்கவில்லை. இதைப் போனில் சொன்னால் நீ "விடும்மா, விடும்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இவ்வளவு எழுத நாலு நாள் ஆகிறது. ஆகட்டும். சுகன்யாவும் படிக்கட்டும், உன் தங்கைக்கும் காட்டு. ஒளிக்க ஒன்றுமில்லை.

நம் வீடு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம். பத்துப் பதினைந்து அடி தோண்டினால் தண்ணீர். நான் கல்யாணமாகி வந்தபோது கொல்லையில் அடிபம்பு இருந்தது. பாத்ரூமுக்குப் போனால் போகும்போது ஒரு வாளி, வரும்போது ஒரு வாளி ஊற்ற வேண்டும், பிறகு வாளியை நிறைத்து வைத்துவிட்டு வர வேண்டும். அது உன் அப்பாயி போட்ட சட்டம். நான் உள்ளே போனால் உன் அப்பாயி அடுப்படி வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்பார். தண்ணீர்ச் சத்தம் போதவில்லை என்றால், "வாளி நெறைய ஊத்துனியா, தெளிச்சிட்டு வந்தியா?" என்று எல்லார் எதிரிலும் கேட்பார். உங்கப்பாவின் சித்தப்பா கூடத்தில் உட்கார்ந்திருப்பார், எனக்கு அழுகை வரும். அப்போது பத்தொன்பது வயது. என் காலத்தில் இந்த வீட்டில் யாரையும் இப்படிக் கேட்கமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தது உண்மை. காப்பாற்றவில்லை என்பதும் உண்மை.

அந்த ஆடியில் சம்பந்தி வந்த இரண்டாம் நாள் காலையில் நான் பாத்ரூமுக்குள் போனேன். பச்சை வாளியில் சாம்பல் நிறத்தில் சோப்புத் தண்ணீர் பாதிக்கு இருந்தது. துணி அலசிய தண்ணீரைக் கொட்டாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், மறந்திருப்பார்கள் என்று கொட்டினேன். வாளியைத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் பிடித்து வைத்தேன். மறுநாள் பார்த்தால் மறுபடியும் அதே அழுக்குத் தண்ணீர். மறுபடியும் கொட்டினேன். இப்படியே தினம். உன் மாமியார் எடுத்து வைப்பார், நான் கொட்டுவேன். இரண்டு பேரும் அடுப்படியில் ஒன்றாக உட்கார்ந்து கீரை ஆய்வோம், பேரப்பிள்ளைகள் பற்றிப் பேசுவோம், வாளியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கமாட்டோம். நாலாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. உன் சின்ன மாமியும் அன்றைக்கு வந்திருந்தாள். அவள் எதிரில், "எங்க வீட்டுல தண்ணிக்குப் பஞ்சமில்லங்க சம்பந்தி, தாராளமா ஊத்துங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் கீரையிலிருந்து நிமிராமல், "தாராளமான வீடுன்னு தெரிஞ்சுதானே பொண்ணு குடுத்தோம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். கேட்டிருந்தால் ஒரு நிமிஷம்.

உன் மாமனார் விஷயம் வேறு. அவருக்குத் தாழ்ப்பாள் போடும் பழக்கம் இல்லை. துண்டைக் கதவின் மேல் போட்டுவிட்டு உள்ளே போவார். கதவில் துண்டு கிடந்தால் ஆள் இருக்கிறது என்று அவர்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. ஈரத் துண்டை இப்படிக் கதவில் போடுகிறாரே என்று எடுத்துக் கொண்டுபோய்க் கொடியில் உலர்த்தினேன். உங்கப்பா நேராகப் போய்க் கதவைத் தள்ளினார். இரண்டு பேரும் அன்று முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, சாயங்காலம் காபி குடிக்கும்போது ஆளுக்கொரு பேப்பரை விரித்து வைத்துக்கொண்டார்கள். இதை இப்போது எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அடுத்ததை எழுதும்போது வரவில்லை. வயசானவர், கொஞ்சம் அங்கே இங்கே சிந்தும். அவர் வெளியே வந்து கால் ஈரம் காயும் முன்னால் நான் பினாயில் பாட்டிலோடு உள்ளே போய்விடுவேன். விளக்குமாறு சத்தம் கூடம் வரைக்கும் கேட்கும். சுத்தம்தானே செய்கிறேன், யாரையும் ஒன்றும் சொல்லவில்லையே என்று எனக்குள் ஒரு நியாயம். ஒருவர் வந்த பின்னாலேயே பினாயில் ஊற்றுவது அவரைச் சொல்வதுதான் தம்பி. வாயால் சொன்னால் பதிலாவது சொல்லலாம்.

ஐந்தாம் நாளிலிருந்து உன் மாமனார் விடியற்காலையில் எழுந்து "அப்படியே நடந்துட்டு வரேன்" என்று கிளம்ப ஆரம்பித்தார். காவிரியைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆறாம் நாள் உங்கப்பா ஆற்றில் குளித்துவிட்டு வந்து ஈரவேட்டியோடு வாசலிலேயே நின்றார். அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் பக்கத்தில் இருக்கிற கட்டணக் கழிப்பிடத்தில், வரிசையில், கையில் சில்லறையோடு சம்பந்தி நிற்பதைப் பார்த்தேன் என்றார். பார்த்தும் பார்க்காததுபோல் வந்துவிட்டாராம். "நம்ம வீட்டுல இடமில்லையா?" என்று என்னைக் கேட்டார். மறுநாள் ஆடிப்பெருக்கு. காலையில் எல்லாரும் புதுத்துணி உடுத்தி வாசலில் நின்றோம், நீ போனில் படம் எடுத்தாய். மாமா எங்கே என்று கேட்டாய். வெளியே போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று நான்தான் சொன்னேன். மித்ரன் கைக்குழந்தை, வெயிலில் சிணுங்கினான். நேரமாகிறது, எடுத்துவிடு என்று சொன்னதும் நான்தான். அன்று சாயங்காலமே அவர்கள் பையை எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இந்த வாசற்படி மிதிக்கவில்லை.

உன் போன் வந்த நாலாம் நாள் சுகன்யா பேசினாள். கிரகப்பிரவேசத்துக்கு அப்பா அம்மா காலையில் வந்துவிட்டு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள் அத்தை, வெங்காயக் காட்டில் வேலை இருக்கிறதாம் என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. துறையூருக்கு அந்தாண்டையிலிருந்து ஓசூருக்கு அவ்வளவு தூரம் வந்து, மகளுடைய புது வீட்டில் ஒரு ராத்தங்காமல் திரும்புகிறவர்கள் காட்டு வேலைக்காகத் திரும்பவில்லை. நான் இருக்கும் வீட்டில் பாத்ரூமுக்குப் போகும்படி ஆகக்கூடாது என்று திரும்புகிறார்கள். மூன்று பாத்ரூம் கட்டினாலும் அது தீராது. உங்கப்பாவிடம் சொல்லிவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறினேன். அங்கிருந்து மினி பஸ். பச்சைமலை அடிவாரத்தில் இறங்கும்போது பதினொரு மணி. கல்யாணம் பேசப் போனதற்குப் பிறகு இப்போதுதான் போகிறேன். அன்றைக்குக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்தோம், கொல்லைப்பக்கம் பார்க்கவில்லை.

சம்பந்தி வாசலுக்கு ஓடி வந்தார். "வாங்க சம்பந்தி, வாங்க. ஒரு போன் பண்ணியிருந்தா அவரு பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பாரே." கோபம் என்பதே முகத்தில் இல்லை. நான் மனசுக்குள் பேச வேண்டியதையெல்லாம் வழி நெடுக அடுக்கி வைத்துக்கொண்டு போயிருந்தேன். ஆனால் மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்தவளுக்கு முதலில் வேண்டியது வேறு. கொல்லையில் தனியாக ஒரு சின்ன ஓட்டுக் கட்டடம். உள்ளே போனால் தரை பளிச்சென்று இருந்தது. நம் வீட்டைவிடச் சுத்தம், சத்தியமாகச் சொல்கிறேன். ஓரத்தில் ஒரு சின்ன வாளியில் நல்ல தண்ணீர், இன்னொரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் அதே சாம்பல் நிறச் சோப்புத் தண்ணீர். போன வேலை முடிந்ததும் என்ன செய்தேன் என்றால், தம்பி, அந்த டப்பை அப்படியே சாய்த்துத் தரை முழுக்க ஊற்றி, விளக்குமாற்றால் தள்ளி, டப்பையும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மன்னிப்புக் கேட்கப் போனவள் செய்த காரியம் இது. நாற்பது வருஷத்துக் கை, தலையைக் கேட்காமல் தானாகச் செய்துவிட்டது. கவிழ்த்து வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கதவைத் திறந்தால் சம்பந்தி வெளியே நிற்கிறார். தண்ணீர் சாக்கடையில் ஓடுகிற சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது.

"ஊத்திட்டீங்களா?" என்றார்.

அவர் கவிழ்ந்து கிடந்த டப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அழுகிறார் என்று பயந்துவிட்டேன். தோள் குலுங்கியது. சிரிக்கிறார். "உங்க வீட்டுல ஆறு நாள் ஊத்துனீங்க. மிச்சம் இது ஒண்ணுதான் இருந்துச்சு. பஸ் ஏறி வந்து அதையும் ஊத்திட்டீங்களே சம்பந்தி" என்றார். நானும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதும்விட்டேன். அப்புறம் அவர் சொன்னார். அங்கே குழாயில் தண்ணீர் வருவது நாலு நாளைக்கு ஒரு தடவை. துணி அலசிய தண்ணீர் பாத்ரூமுக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் முருங்கைக்கு, குளித்த தண்ணீர் வாழைக்கு. அழுக்கென்று எதையும் வைக்கவில்லை, இன்னொரு வேலை பாக்கியிருக்கிறது என்று வைத்தது. அடுத்த தண்ணீர் நாளை மறுநாள்தான். அதுவரைக்குமான தண்ணீரைத்தான் நான் ஒரே நிமிஷத்தில் சாக்கடைக்கு அனுப்பியிருந்தேன்.

இருக்கட்டும் சம்பந்தி என்று அவர் சொன்னார். நான் கேட்கவில்லை. காட்டில் மோட்டார் ஓடுகிறது என்று தெரிந்ததும் இரண்டு பேரும் குடம் எடுத்துக்கொண்டு போனோம். வெங்காய வயலுக்குள் வரப்பில் கால் மைல் நடை. என் இடுப்பில் குடம் உட்கார்ந்து எத்தனை வருஷமாயிற்று. வீடு வந்து சேரும்போது பாதித் தண்ணீர் என் புடவையில் இருந்தது. எதிரே வந்த ஒரு பெண், "அக்கா, யாரு இது, சேலைக்குத் தண்ணி பாச்சிக்கிட்டு வர்றாங்க?" என்று கேட்டாள். "சீரங்கத்துச் சம்பந்தி, பழக்கமில்ல" என்று சொல்லி என் சம்பந்தி என்னைக் காப்பாற்றினார். நாலு நடை நடந்தோம். நான் கொட்டியதில் பாதி நிரம்பியது.

உன் மாமனார் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். நான் இருக்கிறதைப் பார்த்துத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து முகம் துடைத்துக்கொண்டு, "வாங்க தங்கச்சி, மாப்பிள்ளை, பிள்ளைங்க எல்லாம் சௌக்கியமா?" என்றார். நான் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணே, என் வீட்ல இருந்துகிட்டு நீங்க வெளியில போற மாதிரி ஆச்சு. அது என் தப்பு" என்றேன். அவர் தரையைப் பார்த்தார். "அதுல என்ன இருக்கு. காலைல நடக்குறது எனக்குப் பழக்கம்" என்றார். எனக்குத் தப்பிக்க வழி விடுகிறார் என்று தெரிந்தது. அந்த வழியில் போகக்கூடாது என்றும் தெரிந்தது. "நீங்க நடக்கப் போகல அண்ணே. நான் பினாயில் ஊத்துனதுக்குப் போனீங்க" என்றேன். சம்பந்தி அடுப்படியில் பாத்திரச் சத்தத்தை நிறுத்திவிட்டார்.

அவர் கொல்லைப்பக்கம் கையைக் காட்டினார். "சுகன்யா பெரிய மனுஷி ஆன வருஷம் நானே கல்லு சுமந்து கட்டுனது. இந்தத் தெருவுல மொதல்ல கட்டுனது நாங்கதான். பொண்ணு இருட்டுல காட்டுப்பக்கம் போகக்கூடாதுன்னு. அன்னைலேருந்து தெனம் நான்தான் கழுவுறேன், இவள விட்டதில்ல. ஊரே கேலி பேசுச்சு, ஆம்பளை கக்கூஸ் கழுவுறான்னு. அதுக்கெல்லாம் வருத்தப்படல. உங்க வீட்டுலதான், கழுவத் தெரியாதவன்னு நெனச்சிட்டாங்களேன்னு இருந்துச்சு."

உங்கப்பா எட்டு மணி ஷிப்டுக்குப் பஸ் பிடிக்க ஓடினவர்தான், ஒரு நாளும் விளக்குமாற்றைத் தொட்டதில்லை, நானும் தொடவிட்டதில்லை, அதைப் பெருமையாக வேறு நினைத்திருந்தேன். இங்கே ஒரு மனிதர் மகளுக்காகக் கட்டி, மகள் கல்யாணமாகிப் போன பிறகும் தினம் கழுவிக்கொண்டிருக்கிறார். அவர் பின்னால் நான் பினாயில் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். "கிரகப்பிரவேசத்துக்கு வந்து நாலு நாள் இருக்கணும் அண்ணே, இல்லன்னா நானும் மத்தியானமே கிளம்பிடுவேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் அடுப்படியைப் பார்த்தார். உள்ளேயிருந்து சம்பந்தி, "அதான் கூப்புடுறாங்கல்ல" என்றார். அவர் மறுபடியும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருக்கோம். ஆனா ஒண்ணு தங்கச்சி, அங்க பாத்ரூமை நான்தான் கழுவுவேன்" என்றார். சரிண்ணே என்றேன். சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. சம்பந்தி என் கையைப் பிடித்துச் சாப்பிட உட்காரவைத்தார். மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்த் துவையலும். கை கழுவிய தண்ணீரை நானே கொண்டுபோய் முருங்கைக்கு ஊற்றினேன். சம்பந்தி பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

அதனால் உன் புது வீட்டில் எனக்கென்று ஒரு பாத்ரூம், அவர்களுக்கென்று ஒரு பாத்ரூம் என்று பிரிக்காதே. எது காலியாக இருக்கிறதோ அதில் யாரும் போகட்டும். உன் மாமனார் காலையில் பிரஷ்ஷை எடுத்தால் கையிலிருந்து பிடுங்காதே. "நீங்க போய் ஏன் மாமா" என்று பதறாதே. வேண்டுமானால் பக்கத்தில் நின்று கற்றுக்கொள், சுகன்யா உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் எனக்குத் தெரியாதா, நான் வளர்த்த பிள்ளை. பிடித்து எழுந்திருக்க உள்ளே சுவரில் ஒரு கம்பி போட்டு வை, அவருக்கு என்று சொல்லாதே, அம்மாவுக்கு மூட்டு வலி என்று சொல். அதுவும் பொய்யில்லை. கதவில் துண்டு கிடந்தால் துண்டைத் தொடாதே, உங்கப்பாவுக்கும் சொல்லிவிட்டேன். ஓசூரில் உங்களுக்குத் தண்ணீர் லாரியில் வருகிறது என்றாய். அப்படியானால் வாளியில் சம்பந்தி தண்ணீர் எடுத்து வைத்தால் அந்த வீட்டுக்கு வேண்டியதைத் தெரிந்தவர் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள். நான் கொட்டாமல் இருக்கப் பார்க்கிறேன். என் கை எங்கேயாவது தவறிப் போனால் சம்பந்தியிடமே சொல், அவர் சிரித்துவிடுவார். மித்ரனுக்கும் கற்றுக்கொடு, அவன் இப்போதுதான் பழகுகிறான், எங்களைப்போல நாற்பது வருஷம் ஆன பிறகு மாற்றுவது கஷ்டம். யாராவது வெளியே வந்த பின்னாலேயே நீயும் சுகன்யாவும் உள்ளே போய் மூக்கைச் சுளிக்காதீர்கள். பத்து நிமிஷம் பொறுத்துப் போனால் ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளும்.

இன்னும் ஒன்றே ஒன்று. அந்த ஆடிப்பெருக்குப் படத்தை நீ ஸ்டுடியோவில் பிரிண்ட் எடுத்துச் சட்டம் போட்டு அனுப்பினாயே, அது கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் ஒவ்வொருவரையும் விரலால் தொட்டுப் பேர் கேட்பார்கள், நானும் ஹரிஷ் கணக்கு, வர்ஷினி கோ-கோ என்று சொல்லிக்கொண்டே வருவேன். பெண்ணுடைய அப்பா எங்கே என்று கேட்பார்கள். அப்போது ஊரில் இல்லை என்று இரண்டு வருஷமாகச் சொல்லிவருகிறேன். அவர் ஊரில்தான் இருந்தார். ஆகவே கிரகப்பிரவேசத்தன்று புது வீட்டு வாசலில் எல்லாரையும் நிற்கவைத்து ஒரு புதுப்படம் எடு. போனில் அனுப்பாதே, எனக்கு அது விரல் பட்டால் ஓடிவிடுகிறது. பெரிதாகப் போட்டுத் தபாலில் அனுப்பு, இந்தப் பழையதைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் மாட்ட வேண்டும். சம்பந்தி என் பக்கத்தில் நிற்கட்டும். எண்ணிப் பார், உன் மாமனார் இல்லையென்றால் எடுக்காதே. அவர் பாத்ரூமில் இருந்தால் வெயில் ஏறினாலும் பிள்ளை அழுதாலும் எல்லாரும் காத்திருப்போம். கதவை மட்டும் தட்டாதே.

உன் அம்மா